டிங்கில் பக்கத்திலிருந்து புத்ராஜெயா ஏரி: ஓடுகிறவர்களுக்கு ஒரு வழிப்படம்

மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவின் ஏரிக்கரையில் ஓட வருகிறவர்களில் பெரும்பாலோர் கோலாலம்பூர்க்காரர்கள். விடிவதற்குள் வந்து டத்தாரான் புத்ரா சதுக்கத்துக்கு அருகில் வண்டியை நிறுத்துவார்கள். இளஞ்சிவப்புக் குவிமாட மசூதியையும் பாலங்களையும் பார்த்தபடி ஓடி, படம் பிடித்து, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் டிங்கிலில் குடியிருக்கும் எனக்கு, இந்த ஏரியில் ஓடுவதற்கு ஏற்ற பகுதி அவர்கள் எட்டிப் பார்க்காத மறுபக்கத்தில்தான் இருக்கிறது என்பது உறுதியான எண்ணம். பாலங்கள் கண்ணுக்கு நல்லவை. காலுக்கு நல்லவை ஈரநிலப் பூங்காவும் அதை ஒட்டிய மேடுகளும்.

முதலில் ஏரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுமார் 400 ஹெக்டேர் பரப்பும் சராசரியாக 6.6 மீட்டர் ஆழமும் கொண்ட இது இயற்கையாக அமைந்தது அன்று. சுவாவ், பீசா என்ற இரண்டு சிறு ஆறுகள் ஓடிய பள்ளத்தாக்கை அணையிட்டு நிரப்பி, 1990களின் பிற்பகுதியில் புதிய நிர்வாகத் தலைநகருக்காக இதை உருவாக்கினார்கள். கரையின் நீளம் ஏறத்தாழ 38 கிலோமீட்டர். இதைக் கேட்டதும் நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களுக்கு முழுச் சுற்று ஓடிப் பார்க்கும் ஆசை வரும். ஆனால் கரைப்பாதை எல்லா இடத்திலும் தொடர்ந்து செல்வதில்லை. சாலையில் ஏறி இறங்க வேண்டிய இடங்கள் பல உள்ளன. எனவே ஏரியைத் துண்டு துண்டாக ஓடுவதே அறிவுடைமை.

பலரும் ஓடும் பாதை நகரின் நடுத்தீவில் செல்லும் அகன்ற சாலை. டத்தாரான் புத்ராவிலிருந்து 435 மீட்டர் நீளமுள்ள புத்ரா பாலத்தைக் கடந்து, அனைத்துலக மாநாட்டு மையத்தை நோக்கி 4.2 கிலோமீட்டர் நேராகச் செல்லும் இச்சாலையில், போய்த் திரும்பினால் எட்டரை கிலோமீட்டர் கணக்காகிவிடும். வேகப் பயிற்சிக்கு இது நல்ல தளம். ஏழு மணிக்கு முன்பும் இரவு எட்டு மணிக்குப் பிறகும் இங்கே ஓடலாம். இடைப்பட்ட நேரத்தில் கருங்கல் தரை சூட்டை வாங்கித் திருப்பி முகத்தில் வீசும். ஒதுங்க நிழல் குறைவு. இரவில் விளக்கொளியில் 240 மீட்டர் நீளமுள்ள சாய்ந்த கம்பிப் பாலமான ஸ்ரீ வாவாசானைப் பார்த்துக்கொண்டு ஓடுவது இனிமையானது என்பதை மறுக்க மாட்டேன். போகிற போக்கில் ரயிலே ஓடாத மோனோரயில் தொங்குபாலத்தையும் பார்க்கலாம். 2004இல் திட்டம் நின்றுபோனதால் பாலம் மட்டும் தனியாக நிற்கிறது. அரசு நகரங்களில் இப்படி ஒன்றாவது இருக்கும் போலிருக்கிறது.

பிரிசின்ட் 13 என்ற நகர வட்டாரத்தில் உள்ள ஈரநிலப் பூங்கா அப்படியல்ல. அங்கே பாதை வளையும், ஏறும், இறங்கும். மரங்கள் தலைக்கு மேல் கவிந்திருக்கும். 197 ஹெக்டேரில் பரந்த இந்த ஈரநிலங்களை அழகுக்காக அமைத்ததாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இவைதாம் ஏரியின் வடிகட்டி. மேலிருந்து வரும் நீர், பல்கலைக்கழக வளாகங்கள், வேளாண் ஆய்வு நிலங்கள், குடியிருப்புகள் ஆகியவற்றைக் கடந்து உரச்சத்தையும் அழுக்கையும் சுமந்துகொண்டு வருகிறது. அதை நேராக ஏரிக்குள் விட்டால் சில ஆண்டுகளில் பாசி மூடிவிடும். அதனால் 24 தொட்டிகளை ஒன்றுக்கு ஒன்று தாழ்வாக, படிப்படியாக அமைத்து, இடையிடையே கற்களை அடுக்கிச் சிற்றணைகள் கட்டி, நாணலும் கோரையுமாக ஒரு கோடிக்கு மேற்பட்ட நீர்த்தாவரங்களை நட்டார்கள். நீர் ஒவ்வொரு தொட்டியிலும் தயங்கி நின்று, வண்டலைக் கீழே விட்டு, செடிகளின் வேருக்குச் சத்தைக் கொடுத்துவிட்டு அடுத்ததற்கு இறங்குகிறது.

ஓடுகிறவருக்கு இந்தப் படியமைப்பு கண்ணில் படுவதற்கு முன் முழங்காலில் தெரிந்துவிடும். ஒரு தொட்டியின் விளிம்பில் சமமாக ஓடிக்கொண்டிருக்கும்போது கற்சிற்றணையில் நீர் வழியும் சத்தம் கேட்டால், அடுத்த சில அடிகளில் பாதை சரியப் போகிறது என்று பொருள். கோரைக்கு நடுவே கழுத்தை மட்டும் நீட்டி நிற்கும் செந்நாரை நாம் பக்கத்தில் வரும்வரை அசையாது. உடும்புகளோ பாதையிலேயே படுத்திருக்கும். அவற்றுக்கு வழிவிட்டு விலகி ஓடுவது நல்லது. மழைக்கு மறுநாள் நடைபாதைப் பலகைகள் வழுக்கும் என்பதால் அங்கே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

இந்த மேடு பள்ளம் எங்கிருந்து வந்தது என்பதை எனக்கு விளக்கியவர் டிங்கில் ரொட்டிச் சானாய்க் கடையில் சந்தித்த ஒரு பெரியவர். தலைநகரம் எழுவதற்கு முன் இந்த நிலமெல்லாம் ரப்பர்த் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் 1921இல் 800 ஏக்கரில் தொடங்கிய பெராங் பெசார் தோட்டம் பின்னர் பெரிதாக விரிந்தது. 1995இல் நகரப் பணிகள் தொடங்கிய பிறகு பெராங் பெசார், கெலவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. தரைவீடு கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது நாளிதழ் படிக்கும் எவருக்கும் புதிய செய்தி அன்று. பெரியவரும் அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர், பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர்.

"ஏரியச் சுத்தியா ஓடுறீங்க தம்பி? மேட்டுல ஓடுறீங்களா, பள்ளத்துலயா?" என்று கேட்டார்.

"ரெண்டும் வருதுங்க ஐயா," என்றேன்.

அவர் தேநீர்க் கிளாசு மேசையில் விட்டிருந்த ஈர வட்டத்தில் விரலைத் தொட்டு ஒரு நெளிகோடு இழுத்தார். "இது பள்ளம். மழை பெஞ்சா தண்ணி நின்னுக்கும், வேரு அழுகிடும், அதனால இங்க மரம் நட மாட்டாங்க. நிரையெல்லாம் மேட்டுலதான். இப்ப ஏரி இருக்கறது எங்க ஆளுங்க மங்கு கழுவுன ஓடை." மங்கு என்பது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம். பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்து இருட்டிலேயே தலைவிளக்கோடு மேடேறி, மரத்துக்கு மரம் போய்ச் சீவி, பிறகு அதே வழியில் பால் எடுத்துக்கொண்டு இறங்குவதையும் விவரித்தார். நாள்தோறும் நானூறு, ஐந்நூறு மரங்கள். நாம் கைக்கடிகாரம் பார்த்துப் பெருமைப்படும் ஏற்றத்தை அவர்கள் வாளி சுமந்து முடித்திருக்கிறார்கள்.

அதன்பின் ஈரநிலப் பகுதியில் ஓடும்போது அவருடைய நெளிகோட்டைப் பொருத்திப் பார்த்தேன். கரையிலிருந்து பாதை விலகி ஏறும் இடங்களெல்லாம் மரம் நடத் தகுந்த சரிவுகளாகவே தோன்றின.

பெராங் பெசாருக்கு இன்னொரு பெருமை உண்டு. அத்தோட்டத்தில் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ரப்பர் வகைகள் பிபி என்ற எழுத்துகளோடு உலகெங்கும் பரவின. பிபி 86, பிபி 260 ஆகியவை தோட்டத்துறையில் யாவரும் அறிந்த பெயர்கள். புகழ்பெற்ற ஆர்ஆர்ஐஎம் 600 வகைக்கு ஒரு பெற்றோர் பிபி 86தான். பால்மரத்தை இன்றும் பார்க்க விரும்பினால் பிரிசின்ட் 16இல் உள்ள வேளாண் பாரம்பரியப் பூங்காவுக்கு ஓட்டத்தை நீட்டிக்கொள்ளலாம். ரப்பர், கொக்கோ, பழமரங்கள் என்று குன்றுச் சரிவில் நட்டு வைத்திருக்கிறார்கள். ஏற்றம் கடுமையானது, ஆனால் நிழல் உண்டு, கூட்டம் இல்லை. பிரிசின்ட் 1இல் உள்ள 92 ஹெக்டேர் தாவரவியல் பூங்கா குடும்பத்தோடு மெல்ல ஓடுகிறவர்களுக்குப் பொருந்தும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் புத்ராஜெயா சென்ட்ரல் வரை ரயிலில் வரலாம்; 2023 மார்ச் முதல் எம்ஆர்டி என்ற பெருநகர ரயிலும் அங்கே வருகிறது. ஆனால் நிலையத்திலிருந்து ஈரநிலப் பூங்கா தொலைவு, நடந்து போக முடியாது. வாடகை வண்டி பிடித்துக்கொள்ளுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடி மின்னல் வருவது இங்கே வழக்கம் என்பதால், மாலையில் ஓடுவதாக இருந்தால் திறந்த கரையை விட்டு ஒதுங்கக் கூரை எங்கே என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்வது அவசியம்.

நகரத்து ஒழுங்கு சலித்துப்போனவர்களுக்கு டிங்கிலைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதைகள் இருக்கின்றன. காவல் கூண்டில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் குலை ஏற்றும் லாரிகள் குறைவு. வெட்டிப் போட்ட மட்டைகளின் முள் மெல்லிய அடிச்செருப்பைத் துளைத்துவிடும். தடித்த அடிப்பாகமுள்ள காலணியே வேண்டும். நாய்கள் துரத்தினால் ஓடாதீர்கள், நின்றுவிடுங்கள்; குரைத்து முடித்ததும் அவை தம் வேலையைப் பார்க்கப் போய்விடும்.