திம்பம் மலைப்பாதை: கரும்பும் காட்டு யானையும்

சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஊடுருவிப் போகிறது திம்பம் சாலை. மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. கனரக வாகனங்களுக்கு மாலை 6 மணி முதல் காலை 6 வரை, கார்களுக்கு இரவு 9 முதல்.

இருட்டில் விலங்குகள் வண்டியில் அடிபடுவது குறைய இது உதவும். பகல் சிக்கல் வேறு, அதன் பெயர் கரும்பு. ஆலைக்குப் போகும் லாரிகளில் அளவுக்கு மீறி அடுக்கினால் வளைவுகளில் கட்டுகள் சரிந்து விழும். சிலர் யானைக்கு இரக்கப்பட்டு வீசியும் எறிகிறார்கள். அந்த இரக்கம்தான் பெரிய கேடு. ஒருமுறை ருசி கண்ட யானை, கர்நாடக எல்லையிலுள்ள காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் லாரிக்காகக் காத்து நிற்கும். தாயைப் பார்த்துக் குட்டியும் பழகும். அதனால் பாரத்தின் உயரத்தை அடிவாரத்திலும் மேலேயும் அளந்தே விட வேண்டும், தார்ப்பாய் போட்டுக் கட்ட வேண்டும்.

சாலையோர உண்ணிச்செடியை வெட்டினால் ஓட்டுநருக்குப் பார்வை கிடைக்கும். ஆனால் மழைக்குப் பின் அங்கே இளம்புல் முளைத்து மான்களை இழுக்கும். வெட்டியதோடு வேகத்தடையும் வேண்டும்.

யானை மறித்தால் ஹாரன் அடிக்காதீர்கள், இறங்காதீர்கள். தள்ளியே நிறுத்தி, பின்னால் வருபவருக்கும் இடம் விட்டு, அது போகும்வரை காத்திருங்கள். செல்ஃபி வேண்டவே வேண்டாம்.