தை மாதத்து ஓராவும் படகுத்துறைத் தூண்களும்

பொங்கல் முடிந்து சீனப் புத்தாண்டு நெருங்கும் வாரங்களில் ஈரச்சந்தையில் ஒரு மீனுக்கு மட்டும் விலை ஏறிக்கொண்டே போகும். மலாய் மொழியில் டிங்கிஸ், நமக்கு ஓரா. சினைபிடிக்கும் பருவம் அது. சிங்கப்பூரின் செம்பவாங் மாதிரியான படகுத்துறைகளில் தூண்களை ஒட்டிக் கூட்டமாக வரும். தூண்டில் கம்பு போடுகிறவர்கள் நிறையப் பேர், பிடிக்கிறவர்கள் குறைவு. இரை சரியில்லை என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் தப்பு இரையில் இல்லை, ஆழத்தில்.

ஓரா கொறிக்கிற மீன். தூணில் படர்ந்த பாசியைத்தான் அது தேடி வருகிறது. தெளிந்த தண்ணீரில் மீன் அந்தப் பாசி மட்டத்திலேயே நிற்கும். வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் விடாமல் பெய்தால், ஆற்றுத் தண்ணீர் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலுள்ள ஜோகூர் நீரிணையில் கலந்து மேலே உப்புக் குறைந்த படலமாகக் கிடக்கும். அப்போது மீன் கீழே இறங்கிவிடும்.

ஆகவே முதல் வேலை, ஆழம் அளப்பது. தூண்டில் முள்ளில் ஒரு கனமான ஈயத்தை மாட்டித் தூண் ஓரமாக அடிவரை இறக்குங்கள். தக்கைக்கு மேலே தூண்டில் நரம்பில், தக்கை தாண்டிப் போகாதபடி ஒரு நூல்முடிச்சு போட்டால் அதுதான் அடிமட்டக் குறி. இரை அடியிலிருந்து அரை மீட்டர் மேலே நிற்கும்படி தொடங்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முடிச்சை முள் பக்கமாக 30 செ.மீ. நகர்த்திக்கொண்டே வாருங்கள். முதல் மீன் விழுந்த இடத்தில் நிறுத்துங்கள்.

ஆனால் அந்த அளவும் நிலைக்காது. சீனப் புத்தாண்டு அமாவாசையை ஒட்டி வருவதால் அந்த நாட்களில் ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும். தண்ணீர் ஆறு மணி நேரத்தில் 2.4 மீட்டர் ஏறுகிறது என்றால், மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் மணிக்குச் சுமார் 60 செ.மீ. ஏறும். தக்கை தண்ணீரோடு மேலே போகும், பாசி தூணிலேயே இருக்கும். அரை மணிக்கு ஒரு தடவை நரம்பை 30 செ.மீ. நீட்டாவிட்டால் இரை மீனின் தலைக்கு மேலே தொங்கும். "இப்போதுதானே கடித்தது, அதற்குள் போய்விட்டதே" என்கிற புலம்பலுக்கு அநேகமாக இதுதான் காரணம்.

கட்டும் முறை எளிது. 8 பவுண்டு தாங்கும் நரம்பில் முதலில் நூல்முடிச்சு, அதன் கீழ் துளையுள்ள ஒரு சிறு மணி, பென்சில் போல் ஒல்லியான ஓடும் தக்கை, சின்ன ஈயம், நரம்பு முறுக்காமலிருக்க ஒரு சுழல். சுழலுக்குக் கீழே 60 செ.மீ. ஃப்ளோரோகார்பன் நரம்பு, 10ஆம் எண் முள். பெரிய முள் வேண்டவே வேண்டாம். ஓராவின் வாய் பட்டாணி அளவுதான்.

இரைக்கு, ஓரம் வெட்டிய வெள்ளை ரொட்டி இரண்டு துண்டு, ஒரு தேக்கரண்டி மைதா, சில சொட்டுத் தண்ணீர். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இறுக்கமாகப் பிசையுங்கள். தளர்ந்தால் இறங்கும்போதே கரைந்துவிடும். உரித்த இறாலும் ஆகும், ஆனால் மற்ற மீன்கள் முந்திக்கொள்ளும்.

தூணுக்கு ஒரு மீட்டர் தள்ளி, நீரோட்டம் தூணைத் தாண்டி ஓடும் பக்கத்தில் இறக்குங்கள். தக்கை முங்கும் என்று காத்திருக்காதீர்கள். நடுங்கும், சில சமயம் படுத்துக்கொள்ளும். அது கொறிப்பு மட்டுமே. பக்கவாட்டில் நகரும்போது மணிக்கட்டால் மெல்ல ஒரு தூக்கு, போதும். ஓங்கி இழுத்தால் உதடு கிழியும். மாட்டியதும் தூணுக்குள் பாயப் பார்க்கும். அங்கே ஒட்டியிருக்கும் சிப்பி நரம்பை அறுத்துவிடும் என்பதால் முதல் இரண்டு விநாடியில் கம்பை வெளிப்பக்கம் சாய்த்து அதை விலக்கிவிடுங்கள்.

அடுத்தது மீனின் முள். முதுகில் 13, வயிற்றின் பின்துடுப்பில் 7, அடித்துடுப்புகளில் பக்கத்துக்கு 2, ஆக 24. எல்லாம் விஷமுள், மீன் செத்த பிறகும் குத்தும். துணியால் பிடித்தாலும் துணியைத் துளைக்கும். கீழுதட்டைக் கவ்வும் பிடிப்பானால் தூக்கி, கத்தரிக்கோலால் முட்களை வெட்டிவிட்டுத்தான் பெட்டிக்குள் போட வேண்டும். குத்திவிட்டால் ஐஸ் வைக்காதீர்கள். பொறுக்கக்கூடிய வெந்நீரில், சுமார் 45 டிகிரி, 30 முதல் 90 நிமிடம் விரலை வைத்திருங்கள். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள், வலிக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துப் போவது நல்லது. வீக்கம் பரவினாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இடி கேட்டால் கம்பை மடக்கிவிட்டுக் கரைக்கு வந்துவிடுங்கள். கார்பன் கம்பில் மின்சாரம் பாயும். அனுமதிப் பலகை இருக்கும் பகுதியில் மட்டும் போடுங்கள்.

வயிறு புடைத்த சினைமீன் வரிசையாக வரும்போது கை நிற்காது. வீட்டுக்கு இரண்டு போதும், மீதியை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அடுத்த தைக்கு வர வேண்டியவை அதன் வயிற்றில்தான் இருக்கின்றன. எடுத்ததை அங்கேயே ஐஸில் புதைத்து, வீட்டுக்கு வந்ததும் குடலை எடுத்துவிடுங்கள். செரிக்காத பாசியோடு தாமதித்தால் சதைக்கு நாற்றம் ஏறும். பித்தப்பை உடையாமல் முழுசாக வெளியே வர வேண்டும். உடைந்தால் சொதி கசக்கும்.