இருட்டில் கலைவாணர்

யாங்கூனில் நேற்றிரவும் கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இருந்தவரை அப்பாவுக்கு நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் கிந்தனார் காலட்சேபத்தைப் போட்டுக் காட்டினேன். நந்தனார் சிதம்பரத்துக்கு ஏங்கினார். இந்தக் கிந்தனாருக்குப் படிப்பு! இது வரும் ‘நல்லதம்பி’ படம் வெளிவந்தது 1949-ல். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் ஜெயிலுக்குப் போய், லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை வழக்கு நடந்து, 1947-ல் வெளியே வந்த மனிதர் இப்படிச் சிரிக்க வைக்கிறார். நானாக இருந்தால் அதற்கப்புறம் சிரிப்பே வந்திருக்காது.

1957-ல் போய்விட்டார். வயது 48. (எனக்கு இப்போது 47, சரி, அது வேறு கதை.)

“நாகர்கோவில்காரர்டா, வில்லுப்பாட்டிலிருந்து வந்தவர்” என்றார் அப்பா. அடுத்து கலைவாணர் தன் மனைவி டி.ஏ.மதுரத்தோடு வரும் ஒரு காட்சியைப் போட்டேன். பாதியில் போன் அணைந்தது. மீதியை அப்பாவே இருட்டில், இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினார்.