மூன்று முறை அழித்தும் திரும்பி வந்த எஞ்சின் விளக்கு

எங்கள் வீட்டுப் பெட்ரோல் காரை 2014ஆம் ஆண்டில் வாங்கினோம். சென்ற மழைக்காலத்தில் அதன் மீட்டர் பலகையில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. பணிமனையில் ஸ்கேனரைப் பொருத்தி, பதிவாகியிருந்த பிழைக் குறியீட்டை அழித்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் காலையிலேயே விளக்கு மீண்டும் எரிந்தது. அடுத்த முறை, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். ஒரு வாரம் கழித்து அதே விளக்கு. மூன்றாம் முறையும் அழித்துவிட்டு, "ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அதன் பிறகுதான் இதை நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த விளக்கு நிலையாக எரிந்தால் பொறுமையாகக் காரணம் தேட நேரம் உண்டு. விட்டுவிட்டுச் சிமிட்டினால் வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும். ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் வெளியேறி, புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கிக்கொண்டிருக்கிறது என்பதே அதற்குப் பெரும்பாலும் பொருள்.

அழித்த விளக்கு உடனே எரியாமல் சில நாள் கழித்து வருவதற்கும் காரணம் இருக்கிறது. பெரும்பாலான பிழைகளை எஞ்சின் கணினி முதல் ஓட்டத்தில் 'நிலுவை' என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. அடுத்த ஓட்டத்திலும் அதே பிழை தென்பட்டால்தான் விளக்கை ஏற்றுகிறது. ஆகவே, விளக்கு அணைந்திருந்த அந்த நாட்களிலும் கோளாறு அப்படியேதான் இருந்திருக்கிறது.

ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் சிறிய புளூடூத் ஸ்கேனர் ஒன்றைச் செருகி, கைப்பேசியில் படித்தேன். குறியீடு பி0171. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. குறியீட்டோடு, பிழை பதிவான கணத்தின் நிலையும் சேமிக்கப்பட்டிருந்தது: எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தது, வேகம் சுழியம், எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 760. அதாவது, சிக்னலில் நிற்கும்போது ஏற்பட்ட பிழை. பணிமனையில் குறியீட்டை அழித்தபோதெல்லாம் இந்தப் பதிவையும் சேர்த்தே அழித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது.

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எங்கள் காரில், உள்ளே வரும் காற்றை ஏர் ஃபில்டரை அடுத்துள்ள சென்சார் அளக்கிறது. அந்த அளவுக்கேற்பப் பெட்ரோல் தெளிக்கப்படுகிறது. எரிந்த புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் பெட்ரோலைக் கூட்டியும், மிஞ்சாவிட்டால் குறைத்தும் கணினி சரிசெய்துகொண்டே இருக்கிறது. இந்தத் திருத்தத்தை, அந்தக் கணத்துக்கான உடனடித் திருத்தம், நாளடைவில் நிலைபெறும் நீண்டகாலத் திருத்தம் என இரண்டாக, சதவீதத்தில் ஸ்கேனரில் பார்க்கலாம். சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டிய நீண்டகாலத் திருத்தம், எங்கள் வண்டி நின்றபடி ஓடும்போது 21 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்துச் சுழற்சியை 2500இல் நிறுத்தினேன். திருத்தம் 5 சதவீதத்துக்கு இறங்கியது.

விடை இந்த இறக்கத்தில்தான் இருந்தது. பெட்ரோல் பம்ப் வலுவிழந்திருந்தாலோ, காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருந்தாலோ, எஞ்சினுக்குத் தேவை கூடக் கூடப் பற்றாக்குறையும் கூடியிருக்கும். இங்கே நேர்மாறாக, எஞ்சின் மிகக் குறைவாகக் காற்றிழுக்கும் நேரத்தில்தான் கோளாறு பெரிதாகத் தெரிந்தது. எனவே, சென்சாரைத் தாண்டி எங்கோ ஒரு சிறு ஓட்டை வழியாக, அளக்கப்படாத காற்று உள்ளே நுழைகிறது. ஆக்சிஜன் சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அதைத்தான் கழற்றி எறிந்திருக்கிறோம்.

மறுநாள் விடியற்காலையில், தெரு ஓசையற்றிருந்தபோது பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பெல்ட்டுக்கும் விசிறிக்கும் எட்டியே நின்று காது கொடுத்தபோது, மெல்லிய 'ஸ்ஸ்' ஒலி கேட்டது. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மீண்டும் காற்றுப் பாதைக்கே அனுப்பும் பிசிவி ஹோஸ் ஒன்று உண்டு. மேலிருந்து பார்க்க அது புதிது போலவே இருந்தது. அதன் வளைவுக்கு அடியில் கைக்கண்ணாடியை நீட்டி டார்ச் அடித்தபோதுதான், குதிகாலில் வரும் பித்தவெடிப்பு போல ஒரு பிளவு தெரிந்தது. பல ஆண்டு எண்ணெய் ஆவி பட்டு ரப்பர் ஊறிக் கொழகொழத்திருந்தது. விரலால் அந்த இடத்தை அழுத்தி மூடினேன். ஒலி நின்றது, கைப்பேசியில் உடனடித் திருத்தத்தின் எண் கண்ணெதிரே சரசரவென்று இறங்கியது.

புதிய ஹோஸும் இரண்டு கிளாம்ப்புகளும் சேர்த்து 340 ரூபாய். எஞ்சின் ஆறிய பின் மாற்றக் கால் மணி நேரம் ஆனது. டேப் சுற்றிச் சமாளிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எண்ணெய் ஊறிய ரப்பரில் எந்த டேப்பும் நெடுநாள் ஒட்டாது என்பதால் நான் அதைச் செய்யவில்லை.

அதன் பிறகுதான் குறியீட்டை அழித்தேன். அழித்தவுடன் 'பிழை இல்லை' என்று ஸ்கேனர் காட்டுவதை நம்பக் கூடாது. கணினியின் தன்சோதனைகளும் அப்போது சுழியத்திலிருந்தே தொடங்குகின்றன. பணிமனையில் எனக்குக் காட்டியது அந்த வெற்றுத் திரையைத்தான். ஆகவே, நகருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாக வழக்கம்போல் ஓட்டிவிட்டு, தினமும் மாலையில் சோதனைப் பட்டியலைப் பார்த்து வந்தேன். பன்னிரண்டாம் நாள் எல்லாச் சோதனைகளும் முடிந்திருந்தன. நிலுவையில் எதுவும் இல்லை, நீண்டகாலத் திருத்தம் 2 சதவீதத்தில் நின்றது.