வேடந்தாங்கலில் ஆட்டோஃபோகஸ் பழகினேன்

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் போய்ப் படாளத்தில் திரும்பினால் வேடந்தாங்கல். புதிதாக கேமரா வாங்கியவர்கள் ஆட்டோஃபோகஸ் (கேமரா தானே தூரம் பார்த்துப் படத்தைத் துல்லியமாக்குவது) பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஏரிக்கரைமேல் நடைபாதை, எதிரே தண்ணீருக்குள் மரங்கள், மரம் முழுக்கக் கூடுகள். நின்ற இடத்திலேயே அசையாத பறவையும் கிடைக்கும், பறக்கிற பறவையும் கிடைக்கும்.

முதலில் நத்தைகுத்தி நாரை. ஃபோகஸ் புள்ளிகள், அதாவது படத்துக்குள் கேமரா ஃபோகஸ் தேடும் இடங்கள், எல்லாவற்றையும் திறந்துவிட்டால், கேமரா பெரும்பாலும் நமக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும். குறுக்கே ஒரு கருவேலங்கிளை நீட்டிக்கொண்டிருந்தால் முள் துல்லியமாக விழும், நாரை மங்கிப்போகும். அதனால் ஒற்றைப் புள்ளிக்கு மாறினேன். இந்த நாரையின் அலகு மூடியிருந்தாலும் நடுவில் சந்து தெரியும். புள்ளியை அலகில் வைத்தால் அந்தச் சந்து வழியாகப் பின்னாலிருக்கும் இலைக்கு ஃபோகஸ் ஓடிவிடுகிறது. கண்ணில் வைத்ததும் நின்றது. 400 மி.மீ. லென்ஸில், எஃப் 6.3 துளையளவில் (அபெர்ச்சர்), 25 மீட்டர் தள்ளியிருக்கும் பறவைக்குத் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதற்குள் கண் இருந்தாக வேண்டும்.

அப்புறம் கூழைக்கடா. இவ்வளவு பெரிய உடம்போடு அது சுள்ளியைக் கவ்விக்கொண்டு வந்து இறங்குவதைப் பார்க்க அத்தனை ஆசையாக இருக்கும்! பறக்கும்போது தூரம் மாறிக்கொண்டே இருப்பதால் தொடர் ஃபோகஸ் வேண்டும். கேனானில் சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. பட்டனை விடாமல் பிடித்திருக்கும்வரை கேமரா தூரத்தை அளந்துகொண்டே வரும், அடுத்து பறவை எங்கே இருக்கும் என்றும் கணக்குப் போடும். வெறும் வானத்தில் இருக்கும்போதே பறவையைப் பிடித்துவிட வேண்டும். மரங்களுக்கு முன்னால் இறங்கிய பிறகு பிடிக்கப் போனால் இலைதான் சிக்கும். ஷட்டர் வேகம் 1/2000 நொடி.

ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து எடுத்து, பின்பக்கத்துப் பட்டனுக்கு மாற்றிக்கொண்டது பெரிய வசதி. கட்டைவிரலை அழுத்தியே வைத்தால் பறப்பதைத் தொடரும். கூட்டில் இருப்பதற்கு ஒருமுறை அழுத்தி விட்டுவிட்டால் போதும். நடுவில் மெனுவுக்குள் போகத் தேவையில்லை.

ஃபோகஸ் ஆனதும் வரும் பீப் சத்தத்தை நுழையும்போதே அணைத்துவிடுங்கள். வேட்டைக்கு வந்தவர்களிடமிருந்து இந்தப் பறவைகளைக் காக்க, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் உத்தரவு வாங்கினார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். அந்த ஊரில் நாம் சத்தம் போடக் கூடாது.

காலையில் சீக்கிரம் போங்கள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல். நடுப்பகலில் தண்ணீர்மேல் கானல் ஆடும். எவ்வளவு நல்ல ஃபோகஸும் அதில் குழைந்துவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் குறைவு, அதனால் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.