அட்டவணை போடச் சொன்னவரும் அழவிட்டவரும்

மகனுக்குக் கவனக் குறைபாடு இருக்கலாம் என்று பள்ளியில் சொன்னதால் அவனை மதிப்பீட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பொருள்களை அடிக்கடி தொலைக்கிறானா, நேரில் பேசும்போதே காதில் விழாததுபோல் இருக்கிறானா, தொடங்கிய வேலையைப் பாதியில் விடுகிறானா என்று பெற்றோருக்கான கேள்வித்தாள் அவனைப் பற்றித்தான் கேட்டது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் நினைவுக்கு வந்தது நான்தான். எட்டு மாதம் கழித்து, 43ஆம் வயதில், எனக்கும் ஏடிஹெச்டி எனப்படும் கவனக் குறைபாடு, மிகை இயக்கக் கோளாறு இருப்பதாக மனநல மருத்துவர் உறுதி செய்தார்.

அதற்குச் சிறுவயதுச் சான்று வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில், 1994ஆம் ஆண்டுப் பதிப்பின்படி 7 வயதுக்கு முன்பே தொல்லைகள் தென்பட்டிருக்க வேண்டும்; 2013இல் அந்த வரம்பை 12 வயதாக உயர்த்தினார்கள். ஐந்தாம் வகுப்புவரை முதல் மதிப்பெண் வாங்கி, ஆறாம் வகுப்பில் பாடத்துக்கொரு ஆசிரியர், பாடத்துக்கொரு நோட்டு என்றானதும் சரிந்துபோன என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஐந்து ஆண்டு வித்தியாசம் சிறியதல்ல. ஓடியாடி வகுப்பைக் கலைக்கும் பையனைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து கனவு காணும் பெண்ணை யாரும் மருத்துவரிடம் அனுப்புவதில்லை. சான்று சொல்ல அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தோம். "எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான் இருக்கும். நான்கூட இப்பவும் அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்துதான் போறேன்" என்றார். மருத்துவர் அதையும் குறித்துக்கொண்டார்.

முதலில் நான் சென்ற ஆலோசகர் நல்ல மனிதர். ஆனால் நேர அட்டவணை, வண்ண ஒட்டுத்தாள், கைப்பேசி அலாரம் என்ற மூன்றைத் தாண்டி அவரிடம் எதுவும் இல்லை. மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான்காம் வாரம் அட்டவணை எழுதிய நோட்டே தொலைந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, எல்லாம் செய்துகொண்டிருப்பதாகப் பொய் சொன்னேன். பள்ளியிலும் மாமியார் வீட்டிலும் அலுவலகத்திலும் போட்ட அதே நல்ல பிள்ளை வேடத்தை, அதைக் கழற்றி வைப்பதற்காகப் பணம் கட்டிப் போன இடத்திலும் போட்டிருக்கிறேன் என்று உறைத்த அன்று அங்கே போவதை நிறுத்தினேன்.

இரண்டாவது ஆலோசகர் முதல் மாதம் எந்த அட்டவணையும் தரவில்லை. மற்றவர்களைப் போலத் தெரிவதற்காக நான் என்னென்ன செய்கிறேன் என்று மட்டும் கேட்டார். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் நிற்பது, ஒரு தொலைபேசி அழைப்புக்குக்கூடப் பேச வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்வது, கேஸை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்புவது என்று நான் அடுக்க அடுக்க, இவை சோம்பேறி செய்கிற வேலைகளா என்று கேட்டார். பிறகு, வீட்டில் என்னை அழைத்த பெயர்களை எழுதி வரச் சொன்னார். அவசரக்குடுக்கை, மறதிக்காரி, பொறுப்பில்லாதவள், எதிலும் நிலைக்காதவள். ஏடிஹெச்டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் என்னை அழவைக்கவில்லை. அவசரக்குடுக்கை என்பதை வாய்விட்டுப் படித்தபோது அழுதுவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. அடுத்த மூன்று அமர்வுகள், அந்தப் பெயர்களைக் கேட்டு வளர்ந்த, எனக்குள் இருந்த பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்காகவே போயின. தாமதமாகத் தெரிந்துகொள்ளும் பெண்களுக்கு வேண்டிய முதல் சிகிச்சை இந்தத் துக்கத்துக்கு இடம் கொடுப்பதுதான் என்பது என் கருத்து. அதைத் தாண்டிப் போய்த் தரப்படும் எந்த உத்தியும், இன்னும் கொஞ்சம் முயற்சி செய் என்ற பழைய ஏச்சாகத்தான் காதில் விழும்.

உத்திகள் பிறகு வந்தன, இந்தமுறை சில நிலைத்தன. உள்ளே இருப்பது வெளியே தெரியும் டப்பாக்கள், வாசல் ஆணியில் சாவி, கணக்கு எழுதும்போது தொலைபேசியின் மறுமுனையில் பேசாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கை. ஆனால் பெரிய மாற்றம், கணவரை ஓர் அமர்வுக்கு வரச் சொன்னதில் நேர்ந்தது. நம் வீடுகளில் நினைவு வைத்துக்கொள்வது பெண்ணின் வேலை. மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை, பள்ளிக் கட்டணம், தாத்தாவின் திதி, போன கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்பது வரை எல்லாம் அவள் தலையில். மறக்கும் ஆணை மேதை என்று சிரித்துவிட்டுப் போகும் ஊரில் மறக்கும் பெண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது. என் குறைபாட்டில் எவ்வளவு என் மூளையுடையது, எவ்வளவு வேலைப் பங்கீட்டுடையது என்று காகிதத்தில் பிரித்தபோது இரண்டாவது பத்தி நீளமாக இருந்தது. மாத்திரையும் மின்கட்டணமும் இப்போது அவர் பொறுப்பு. மின்கட்டணத்தை ஒருமுறை அவரும் மறந்தார். எனக்கு அதில் சிறிய மகிழ்ச்சி என்பதை மறைக்கவில்லை.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆலோசகர் மருந்து எழுத முடியாது. ஏடிஹெச்டிக்குத் தரப்படும் மெதில்ஃபெனிடேட் இந்தியச் சட்டத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால், மனநல மருத்துவரின் மேற்பார்வையில்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நிற்கும் காலத்தை நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி இறங்குவதும், அது மூளையில் செய்தி கடத்தும் டோபமினின் வேலையோடு தொடர்புடையது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அதுவரை எப்படியோ சமாளித்தவர்கள் நாற்பதுகளில் திடீரெனத் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

அலுவலகத்தில் இன்னும் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உள்ளன, ஏடிஹெச்டி தனியாக இல்லை. சொன்னால் சலுகை கிடைக்குமோ இல்லையோ, பேச்சு நிச்சயம் கிடைக்கும். அதனால் ஆலோசகரோடு ஒத்திகை பார்த்து, காரணம் எதுவும் சொல்லாமல், வாய்மொழியாகத் தரும் வேலைகளை மின்னஞ்சலிலும் ஒரு வரி அனுப்பும்படி மேலாளரிடம் கேட்டேன். "அதற்கென்ன, அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.