வீராணம் கரையோரமாகக் கீழணை வரை

சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் பலரும் வீராணத்தை வண்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததோடு சரி. தை மாதத்தில் நானும் நண்பரும் ஏரிக்காகவே கிளம்பிப் போனோம். சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோயில் பக்கம் போகும் சாலை கிழக்குக் கரையை ஒட்டியே ஓடுகிறது. வலது பக்கம் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர், இடது பக்கம் பள்ளத்தில் நெல் வயல். கரை எவ்வளவு உயரம் என்பது அந்த வயலைப் பார்த்தால்தான் உறைக்கிறது.

முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன், படையோடு இந்தப் பக்கம் தங்கியிருந்தபோது வீரர்களைக் கொண்டே ஏரியை வெட்டினான் என்பார்கள். தந்தையின் பட்டப்பெயரான வீரநாராயணன்தான் வீராணம் ஆனது. 949இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் யானை மேலேயே மடிந்தான். அவன் பெயரைச் சொல்ல பெரிய கோயில் ஏதும் இங்கே இல்லை. ஆனால் ஏறக்குறைய 45,000 ஏக்கர் இன்றும் இந்த ஏரியை நம்பி விளைகிறது. 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்கும் குடிநீர் போகிறது.

கரையில் தூண்டில் போட்டிருந்த பெரியவரிடம் ஏரி நிரம்பிவிட்டதா என்று கேட்டேன். "நாப்பத்தேழு நிக்குது தம்பி, இன்னும் அரை அடிதான்" என்றார். முழு மட்டம் 47.5 அடி. ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் கணக்கு மனப்பாடம்.

காட்டுமன்னார்கோயில், வைணவ ஆச்சாரியர் நாதமுனிகள் பிறந்த ஊர். இங்குள்ள வீரநாராயணப் பெருமாள் சன்னதியில் யாத்திரிகர்கள் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டார். ஆயிரத்துள் இப்பத்து என்று அந்தப் பாசுரத்திலேயே வருகிறதே, மீதி எங்கே என்று தேடிப் போனார். ஆழ்வார்கள் பாடிய நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் முழுவதும் நமக்குக் கிடைத்தது அந்தத் தேடலால் என்பது வைணவ மரபு. ஊரையொட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலை அவசியம் பாருங்கள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்த கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. இரவிதாசன், சோமன் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு தாண்டிய கொலை வழக்கை அந்தச் சுவரில் கண்டபோது உடம்பு சிலிர்த்தது. மேலக்கடம்பூரில் கருவறையே சக்கரம் வைத்த தேராக நிற்கிறது. அங்கே நேரம் போதவில்லை.

அப்புறம் மீன்சுருட்டி வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் நிமிர்ந்து நிற்கும்; இந்தக் கோயில் விமானம் உள்வாங்கி வளைந்து மேலே போகிறது. வடபுற வாசல் அருகே, அடியார் சண்டேசர் தலையில் சிவபெருமான் மாலை சுற்றும் சிற்பத்தின் முன்னால்தான் வெகுநேரம் நின்றோம். இராசேந்திரன் கங்கை நீரைக் கொண்டுவந்து இங்கே சோழகங்கம் என்ற ஏரியையும் அமைத்தான். அதை நீரால் ஆன வெற்றித்தூண் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. இப்போது அது பொன்னேரி. பெரும் பகுதி தூர்ந்து கிடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. கோயிலுக்குச் செய்யும் செலவில் ஒரு பங்கையாவது இதற்கும் செய்ய வேண்டும்.

கோயிலைச் சுற்றிய பழைய கல் மதில் இன்று முழுதாக இல்லை. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டும்போது ஆங்கிலேயர்கள் அதை இடித்துக் கல்லை எடுத்துப் போனார்கள். ஊர்மக்கள் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார்கள். பதிலுக்குச் செங்கல் சுவர் கட்டித் தருகிறோம் என்று சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை. அநியாயம்தான். அதே கீழணையில் தேங்கும் காவிரி நீர்தான் வடவாறு வழியாக வீராணத்துக்கு வருகிறது. சோழன் மதிலின் கல் சோழன் ஏரிக்குத் தண்ணீர் திருப்பிவிடும் இடத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று அணைக்கரைக்கும் போனோம். மதகுகளின் மேல் குறுகலான பாலம், அடியில் இரைச்சலோடு கொள்ளிடம், கரையில் மீன் வறுவல் கடைகள்.

போகிறவர்கள் கார்த்திகை முதல் மாசிக்குள் போங்கள். கோடையில் ஏரி வற்றிவிடும். காலையில் கோயில்களை முடித்துவிட்டு மாலையில் வீராணத்துக்கு வருவது நல்லது. கிழக்குக் கரையில் நிற்பதால் சூரியன் தண்ணீருக்கு மேலேயே இறங்கும். கோயில்கள் மதியம் நடை சாத்துவதால், உடையார்குடியை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.